மதிப்பெண்ணோடு கட்டப்பட்ட தன்மதிப்பு: செயின்ட் லூயிஸ் மருத்துவக் கல்லூரி, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, முதலாண்டை முடிக்கும் தன் மாணவர்களின் மனநிலையை உளவியல் வினாத்தாள்களைக் கொண்டு அளந்து பார்த்தது. நூற்றுக்கு 27 பேரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பதற்றம் பாதிக்கு மேற்பட்டோரிடம் கவலைக்குரிய அளவில் இருந்தது. இத்தகைய எண்களைக் கண்டால் ஒரு கல்லூரி வழக்கமாகச் செய்வது, மனநல ஆலோசகர் ஒருவரை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணை விடுதிச் சுவரில் ஒட்டுவதுதான். இந்தக் கல்லூரியோ தன் பாடத்திட்டத்தையே நோயாளியின் இடத்தில் படுக்க வைத்துச் சோதித்தது. பாடத்திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த குழந்தைநல மருத்துவர் ஸ்டூவர்ட் ஸ்லாவின் தலைமையில் 2009–10 கல்வியாண்டில் தொடங்கிய அந்த மாற்றங்களின் விளைவுகள், 2014இல் ‘அகடமிக் மெடிசின்’ ஆய்விதழில் வெளியாயின.

மருத்துவம், செவிலியம் போன்ற நலவாழ்வுத் துறை மாணவர்களின் தன்மதிப்பு பற்றியும், தொடர் அழுத்தத்தால் ஆளையே வற்றச் செய்யும் பர்ன்அவுட் பற்றியும் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே பாதையில் செல்கின்றன. இரண்டு வினாத்தாள்களைக் கொடுத்து, ஒன்று குறைந்தால் மற்றது கூடும் என்ற எதிர்மறைத் தொடர்பு இரண்டுக்கும் இடையே இருப்பதைக் காட்டி, மாணவர்களின் தன்மதிப்பை வளர்க்கப் பயிற்சி வகுப்புகள் நடத்த வேண்டும் என்று அவை முடிந்துவிடும். தன்மதிப்பு என்பது மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் கையிருப்பு என்ற எண்ணம் இந்தப் பரிந்துரைக்குள் ஒளிந்திருக்கிறது. செயின்ட் லூயிஸ் நிகழ்வு முக்கியமாவது, அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அது இடம் தருவதால்தான்.

எதை அளக்கிறார்கள்?

பர்ன்அவுட் என்ற சொல்லை மருத்துவ உலகில் 1974இல் பரவச் செய்தவர், நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணிசெய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். அதை அளக்கத் தக்கதாக ஆக்கியவர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும்; அவர்களுடைய அளவுகோல் 1981இல் வந்தது. மாணவர்களுக்கான வடிவத்தை வில்மர் ஷௌஃபெலியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்டார்கள். அதில் 15 கூற்றுகள் உண்டு: களைப்பைப் பற்றி 5, படிப்பின் மீது வரும் கசப்பையும் விலகலையும் பற்றி 4, ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற திறனுணர்வைப் பற்றி 6. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் ஒரு நோயாக அல்லாமல் பணிசார்ந்த நிலையாகவே இடம்பெற்றது. ஊதியமில்லாமல் வார்டில் இரவு முழுவதும் நிற்கும் மாணவரின் நிலை ‘பணி’ என்ற வரையறைக்குள் வருமா என்பது தனி வழக்கு.

தன்மதிப்புக்கு இன்றும் எல்லோரும் கையாளுவது மாரிஸ் ரோசன்பெர்க் 1965இல் தந்த 10 கூற்றுகள்தாம். ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. ‘மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்தி உண்டு’ என்பது போல ஒன்று வரும். சற்றுத் தள்ளி, ‘சில வேளைகளில் நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றுகிறது’ என்பது போல இன்னொன்று வரும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். மாணவர்களுக்கான பர்ன்அவுட் அளவுகோலின் மூன்றாம் பகுதியில், ‘என் கருத்தில் நான் நல்ல மாணவன்’ என்ற பொருளில் ஒரு கூற்று இருக்கிறது. அதை மறுப்பவர் ரோசன்பெர்க் தாளிலும் தன்னைக் குறைத்துத்தான் மதிப்பிடுவார் என்று முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஆகவே இரண்டுக்கும் இடையே தொடர்பு கண்டோம் என்று அறிவிக்கும் ஆய்வுகளில், அந்தத் தொடர்பின் ஒரு பகுதி ஒரே கேள்வியை இருமுறை கேட்டதன் பலனாக இருக்கக்கூடும். களைப்பு, விலகல் ஆகிய முதல் இரண்டு பகுதிகளோடு தன்மதிப்புக்குள்ள உறவைத் தனியாகப் பார்த்தால்தான் பேச்சுக்கு எடை கூடும்.

எவ்வளவு தன்மதிப்பு இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது எதன் மேல் நிற்கிறது என்பதே இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள உதவும். உளவியலாளர்கள் ஜெனிஃபர் கிராக்கரும் கோனி வுல்ஃபும் 2001இல் முன்வைத்த கோட்பாடு இதுவே. ஒருவர் தன் மதிப்பைக் குடும்பத்தின் அன்பின் மேல் நிறுத்தியிருப்பார். இன்னொருவர் அறத்தின் மேல், வேறொருவர் தோற்றத்தின் மேல், மற்றுமொருவர் கல்வித் திறனின் மேல். பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த மாணவர்களைக் கிராக்கரின் குழு பின்தொடர்ந்தது. கல்வித் திறனின் மேல் தன்மதிப்பை நிறுத்தியிருந்தவர்களுக்கு, அனுமதிக் கடிதம் வந்த நாளில் அது மற்றவர்களைவிட அதிகமாக உயர்ந்தது, மறுப்புக் கடிதம் வந்த நாளில் அதிகமாகச் சரிந்தது. மருத்துவக் கல்லூரிகள் தேர்ந்தெடுத்து உள்ளே சேர்ப்பது பெரும்பாலும் இத்தகையவர்களைத்தான். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் முதலிடம் வாங்கியவருக்கு வேறு எதன் மேலும் தன்னை நிறுத்திப் பார்க்கும் தேவை வந்திருக்காது.

கல்லூரி செய்தவை

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவுடன் ஓர் எளிய கணக்கு குறுக்கே வருகிறது. எல்லோரும் தத்தம் பள்ளியிலும் பட்டப் படிப்பிலும் முன்னணியில் இருந்தவர்கள். ஆயினும் எந்த வகுப்பிலும் பாதிப் பேர் நடுவரிசைக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். செயின்ட் லூயிஸில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கான தரவரிசை நான்கு படிகளாக இருந்தது: சிறப்பு, சிறப்புக்கு அருகில், தேர்ச்சி, தோல்வி. இந்த இரண்டாம் படியைக் கவனிக்க வேண்டும். நன்றாகப் படித்த ஒருவரிடம் ‘நீ கிட்டத்தட்ட சிறப்பு’ என்று சொல்லும் ஏற்பாடு, பாராட்டைப் போலத் தோன்றினாலும் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் அவருக்கு நினைவூட்டும். மூன்றாம் படியில் இருப்பவருக்கோ, நோயாளியைப் பார்க்கத் தேவையான அறிவு முழுவதும் இருந்தும், தான் கடைசியில் நிற்பதாகவே தோன்றும்.

கல்லூரி அந்த நான்கு படிகளை நீக்கி, தேர்ச்சி அல்லது தோல்வி என்று இரண்டாக்கியது. பாட நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது; பேராசிரியர்கள் தங்கள் பாடத்திலிருந்து எதையாவது விட்டுத்தர வேண்டியிருந்தது என்பதால், அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் இதுதான் மிகக் கடினமான பகுதி என்பது புரியும். இரு வாரங்களுக்கு ஒருமுறை அரை நாள் விடுவிக்கப்பட்டு, மாணவர்கள் தாம் விரும்பும் துறையைத் தொடர்ந்து பழகிப் பார்க்கும் விருப்பப் பாடங்களுக்கு ஒதுக்கப்பட்டது. சமூக சேவை, ஆராய்ச்சி, உலக நலவாழ்வு போன்ற கருப்பொருள்களில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த கற்றல் குழுக்கள் அமைந்தன. மனத்தை விழிப்போடு கவனிப்பது, தன்னைத் தானே குற்றம் சாட்டும் சிந்தனையை அடையாளம் காண்பது ஆகியவற்றைக் கற்றுத்தரும் பாடமும் இருந்தது. அது சில மணி நேரமே நீண்டாலும் அனைவருக்கும் கட்டாயமாக இருந்தது. விரும்பியவர் வரலாம் என்று விட்டிருந்தால், தேவைப்படாதவர்கள் வந்திருப்பார்கள். தேவைப்பட்டவர்கள் நூலகத்தில் இருந்திருப்பார்கள்.

தரவரிசையின் படிகள் எப்படித் தன்மதிப்பைத் தின்கின்றன என்பதைக் காண, உடற்கூறியல் செய்முறைத் தேர்வைவிடத் தெளிவான இடம் கிடையாது. நம் கல்லூரிகளில் அதை ஸ்பாட்டர் என்பார்கள். அமெரிக்காவிலும் அதே ஏற்பாடு வேறு பெயரில் நடக்கிறது. வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் அறுக்கப்பட்ட உடற்பகுதி ஒன்றும், ஒரு நரம்பிலோ தமனியிலோ குத்திய கொடியோ நூலோ இருக்கும். மணி அடித்ததும் பார்த்து எழுத வேண்டும்; அடுத்த மணிக்கு நகர வேண்டும். மூன்றாம் மேசையில் கட்டியிருப்பது அல்னார் நரம்பா மீடியன் நரம்பா என்று சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகத்தையும் சுமந்துகொண்டுதான் நான்காம் மேசைக்குப் போக வேண்டும்; திரும்பி வர வழியில்லை. ஃபார்மலின் நெடியில் கண் எரியும். பக்கத்து மேசையில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பது தெரியும். ஒரு நரம்பின் பெயர் நினைவுக்கு வராத அந்த நிமிடத்தில் மாணவரின் மனத்தில் ‘எனக்கு இந்த நரம்பு தெரியவில்லை’ என்ற வாக்கியம் உருவானால் பாதகமில்லை. ‘நான் இந்த இடத்துக்கு வந்திருக்கவே கூடாது’ என்ற வாக்கியமே பலருக்கும் உருவாகிறது. பதின்மூன்று மேசைகளைச் சரியாக எழுதிவிட்டு இரண்டில் தடுமாறியவர், வெளியே வந்ததும் அந்த இரண்டை மட்டும்தான் நண்பர்களிடம் கேட்பார்.

முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இந்தத் தாவலுக்கு ஸ்லாவின் பின்னாளில் ‘செயல்திறனே அடையாளம்’ என்று பெயர் வைத்தார். அதனோடு சேர்ந்து வருபவையாக, பிறரோடு ஒப்பிட்டுத் தன்னைக் குறைத்துக்கொள்வது, தீங்கு செய்யும் முழுமைவாதம், போலியாக நுழைந்துவிட்டோம் என்ற உணர்வு ஆகியவற்றையும் அவர் குறிப்பிட்டார். போலி உணர்வைப் பற்றி வேறோர் அமெரிக்கக் கல்லூரியில் நடந்து 2016இல் வெளியான சிறிய ஆய்வொன்று உண்டு. அதில் ஏறக்குறைய பாதி மாணவிகளிடமும் கால்வாசி மாணவர்களிடமும் அந்த உணர்வு காணப்பட்டது. பர்ன்அவுட்டின் களைப்பு, கசப்பு ஆகிய பகுதிகளோடு அதற்குத் தொடர்பும் இருந்தது.

களைப்பு எப்படிப் பர்ன்அவுட்டாகிறது என்பதற்கான விளக்கம் இங்கேதான் கிடைக்கிறது என்பது என் கருத்து. நீண்ட நேரம் படித்தவருக்குக் களைப்பு வருவது இயல்பு. தூங்கி எழுந்தால் போய்விடும். தேர்வில் குறைந்த மதிப்பெண் தன் மதிப்பையே குறைக்கிறது என்று நம்புகிறவருக்குத் தூக்கம் ஒரு குற்றமாகிவிடுகிறது. ஓய்வு எடுக்க முடியாதபோது, அடிக்கடி காயப்படுத்தும் அந்தப் படிப்பிலிருந்து மனத்தை விலக்கிக்கொள்வதுதான் மிஞ்சும் தற்காப்பு. ‘இதில் என்ன இருக்கிறது, பாஸானால் போதும்’ என்று ஒரு காலத்தில் ஆசையோடு வந்தவர் சொல்லத் தொடங்குவதை ஆசிரியர்கள் அலட்சியம் என்று படிக்கிறார்கள். அது கசப்பின் தொடக்கம்.

விளைவும் அதன் நம்பகமும்

மாற்றங்கள் நடைமுறைக்கு வந்த பின் சேர்ந்த வகுப்புகளில், முதலாண்டு முடிவில் மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்களின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 11க்கு இறங்கியது. பதற்றம் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தார்கள். மேலும் சில ஆண்டுகளில் மனச்சோர்வு விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. மன அழுத்தம் குறைந்ததோடு, வகுப்பில் ஒருவருக்கொருவர் நெருக்கமாக உணர்வதும் கூடியது. படிப்பு நீர்த்துப்போகும் என்ற அச்சம் மெய்யாகவில்லை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் படியில் அந்த மாணவர்களின் மதிப்பெண்கள் சரியவில்லை.

இதை அளவோடுதான் நம்ப வேண்டும். முந்தைய வகுப்புகளோடு பிந்தைய வகுப்புகளை ஒப்பிட்ட ஆய்வு இது. ஒரே ஆண்டில் பாதிப் பேருக்குப் பழைய முறை, மீதிப் பேருக்குப் புதிய முறை என்று பிரித்துப் பார்த்ததில்லை. பல மாற்றங்கள் அடுத்தடுத்து வந்ததால், எது எவ்வளவு பலனளித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2014 கட்டுரையின் அளவீடுகள் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம், வகுப்பின் ஒட்டுறவு ஆகியவற்றைச் சார்ந்தவை. தன்மதிப்பை ரோசன்பெர்க் தாளைக் கொண்டு அங்கே அளக்கவில்லை. அது மாறியிருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன வழிமுறையிலிருந்து நான் செய்யும் ஊகம்.

பர்ன்அவுட் பற்றிய இடைவெளியை இன்னோர் ஆய்வு ஓரளவு நிரப்புகிறது. அமெரிக்காவின் 7 மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த 1,192 மாணவர்களிடம் எடுக்கப்பட்டு 2011இல் வெளியான கணக்கெடுப்பில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட படிகளில் தரம் பிரிக்கும் கல்லூரிகளின் மாணவர்களிடம், தேர்ச்சி–தோல்வி மட்டும் உள்ள கல்லூரிகளைவிட அழுத்தமும் உணர்ச்சிக் களைப்பும் விலகலும் அதிகமாக இருந்தன. படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்தவர்களும் அங்கேதான் அதிகம். வகுப்பு நேரம், தேர்வுகளின் எண்ணிக்கை போன்றவற்றுக்கு அத்தனை வலுவான தொடர்பு தென்படவில்லை. உழைப்பின் அளவைவிட அதற்குக் கட்டப்படும் விலைச்சீட்டு அதிகமாக வலிக்கிறது என்றே இதைப் படிக்க முடிகிறது.

வரும்போதே பலவீனமானவர்கள் வருகிறார்கள் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 6 அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை, அதே வயதுடைய பிற பட்டதாரிகளோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில், மருத்துவம் படிக்க வந்தவர்களிடம் பர்ன்அவுட்டும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைவாகவே இருந்தன. நல்ல நிலையில் உள்ளே வருகிறவர்களுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது.

பிறகு

செயின்ட் லூயிஸ் கல்லூரியை அமெரிக்க மருத்துவக் கல்வி அங்கீகாரக் குழு 2017இல் கண்காணிப்பு நிலையில் வைத்தது. பாடத்திட்டப் பொறுப்பும் ஸ்லாவினின் கையை விட்டுப் போனது. அவர் பின்னர் பட்ட மேற்படிப்பு மருத்துவப் பயிற்சிக்கான அமெரிக்க அங்கீகார அமைப்பில் நலவாழ்வுக்கான ஆய்வறிஞராகச் சேர்ந்தார். ஒரு கல்லூரியின் மாணவர் நலம் ஒரு மனிதரின் பதவிக்காலத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதை இதிலிருந்து காணலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பகுதி வருவதில்லை.

அழுத்தம் இடம்பெயரவும் செய்கிறது. கல்லூரிகள் உள்தரங்களைக் கைவிட்டபோது, மேற்படிப்பு இடம் தருபவர்கள் உரிமத் தேர்வின் முதல் படி மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வும் 2022 ஜனவரி இறுதியில் தேர்ச்சி–தோல்வி முறைக்கு மாறியதும், எண்ணாக மதிப்பெண் தரும் இரண்டாம் படித் தேர்வின் மீது கண்கள் திரும்பின. மூன்றாம் ஆண்டு முதல் தொடங்கும் வார்டுப் பயிற்சியில் தரம் தருவது தேர்வுத்தாளை விட மனிதர்கள் என்பதால், செயின்ட் லூயிஸின் முதல் இரண்டு ஆண்டு மாற்றங்கள் அங்கே எட்டவில்லை. நோயாளியின் முன்னால் மூத்த மருத்துவர் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது, பத்து ஸ்பாட்டருக்குச் சமம்.

இங்கே பயன்படும் பகுதி

இந்தியாவில் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்கள் பதிலளித்தார்கள், அவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தாமே தெரிவித்தார்கள். விரும்பியவர்கள் மட்டும் பதில் சொன்ன கணக்கு என்பதால் இதை எல்லா மாணவர்களுக்கும் பொருத்திவிட முடியாது. பட்ட மேற்படிப்பு மாணவர்களின் பணி நேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது என்பது குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. பரிந்துரைக்கும் எல்லையே 74 மணி என்றால், நடைமுறை எங்கே இருக்கிறது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஆணையத்தின் எல்லை மருத்துவப் படிப்போடு முடிவதால் செவிலியர், மருந்தியல், இயன்முறை மருத்துவ மாணவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. வார்டில் எல்லோருடைய அதட்டலையும் கேட்கும் இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் செவிலியர் மாணவிகள்தாம்.

பல்கலைக்கழகத் தேர்வைத் தேர்ச்சி–தோல்வி ஆக்கும் அதிகாரம் எந்தத் தனிக் கல்லூரிக்கும் இங்கே இல்லை. 75 விழுக்காடு எடுத்தால் டிஸ்டிங்ஷன், அதற்கு மேல் பதக்கம் என்ற வரிசை தொடரும். எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வை எழுத நான்கு முயற்சிகள்தாம் என்ற விதியும் மாணவரின் தலைக்கு மேல் தொங்குகிறது. கல்லூரியே நடத்தும் உள்தேர்வுகளின் மதிப்பெண், அதாவது இன்டர்னல், குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது என்பதால், அதையும் ஒழித்துவிட முடியாது. ஆயினும் அந்த மதிப்பெண்ணை எப்படிக் காட்டுவது என்பதில் துறைத் தலைவருக்கு ஓரளவு இடமிருக்கிறது. இன்டர்னல் முடிந்த மறுநாள் பெயரும் எண்ணும் வரிசையாக அச்சிட்ட தாள் துறையின் நோட்டீஸ் போர்டில் ஏறுகிறது. அரை மணி நேரத்தில் அதன் படம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும், மாலைக்குள் சில பெற்றோருக்கும் போய்விடுகிறது. தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்ந்து, முதல் மாதங்களில் பாடத்தோடு ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கும் மாணவரின் பெயர் அந்தத் தாளின் அடியில் இருக்குமானால், வகுப்பு அவரைப் பற்றிச் செய்துகொள்ளும் முடிவு அன்றே உறுதியாகிவிடும். அவரும் தன்னைப் பற்றி அதே முடிவுக்கு வருவார்.

இன்டர்னல் முடிவுகளை நோட்டீஸ் போர்டில் அறிவிக்க வேண்டும் என்று விதிமுறைகள் சொன்னாலும், பெயர்களை மதிப்பெண் வரிசையில் அடுக்க வேண்டும் என்று அவை சொல்வதாகத் தெரியவில்லை. மதிப்பெண்ணை ஒவ்வொருவருக்கும் தனியாகக் காட்டி, விடைத்தாளோடு அழைத்துப் பேசி, எல்லையைத் தாண்டியவர்களைத் தாண்டியவர்கள் என்று மட்டும் அறிவிக்க ஒரு துறைக்குச் செலவில்லை, அரசாணையும் தேவையில்லை. ஸ்பாட்டர் முடிந்ததும் அதே மேசைகளைச் சுற்றி அழைத்துச் சென்று, எந்த நரம்பு எது, அதை எப்படிப் பிரித்தறிவது என்று காட்டிவிட்டு அனுப்புவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டியிருக்கும். சில துறைகளில் மூத்த டியூட்டர்கள் யாரும் சொல்லாமலேயே அதைச் செய்துவருகிறார்கள்.